இரண்டாம் தளபதி

எங்கள் கூத்தில் அரசனின் தளபதி ஒருவர்தான். ஆனால் அவரை ஆட மூன்று பேர் வேண்டும். குதிரைக்காரனாகத் தொடங்கி, வாள் பெற்றுப் போருக்குப் போகும்வரை முதலாம் தளபதி. வென்று திரும்பி, பொறாமைக்காரரின் கோளால் சிறைக்குப் போகும்வரை இரண்டாம் தளபதி. நரைத்த தலையோடு விடுதலையாகி, அழும் அரசனைத் தேற்றுகிறவர் மூன்றாம் தளபதி. மன்னாரில் விடியும்வரை ஆடிய நாட்களில் ஒருவருடைய தொண்டை தாங்காது என்று வந்த வழக்கம் அது. இங்கே கனடாவில், மொன்றியலில் தேவாலயப் பங்கு மண்டபத்தை மூன்று மணித்தியாலம்தான் தருவார்கள். ஆனாலும் கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மூன்று தளபதிகளையும் விடவில்லை.

அவருக்கு இன்னொரு கண்டிப்பும் இருந்தது. மேடையில் வாளை வாங்கும் அடுத்த தளபதி, கொடுத்துவிட்டுப் போகிறவரைத் திரும்பிப் பார்க்கக்கூடாது.

“ரண்டு பேரும் ஒரே ஆள். தன்னைத் தானே திரும்பிப் பாக்கிற ஆளை எங்கையாவது கண்டனீங்களோ?”

முதலாம் தளபதி என் மகள். பதினாறு வயது. பாட்டுகளைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்துப் பாடமாக்கினாள்.

அந்த இலையுதிர் காலத்தில், வில்லரேயில் எங்கள் வீட்டுத் தெரு மூலையில், திரும்பிய கார் ஒன்று அவளைத் தட்டிவிட்டது. முழங்காலில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான். இரண்டு நாளில் அவள் மறந்துவிட்டாள். எனக்குத்தான் பிரேக் சத்தம் கேட்டால் இன்றும் கை குளிர்ந்துபோகும். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு மெத்ரோவில் கூடவே போனேன். ஒத்திகைக்கும் போனேன். ஒவ்வொரு ஒத்திகையிலும் முதல் வரிசையில், குளிர்கோட்டைக்கூடக் கழற்றாமல் இருந்தேன்.

“அம்மா, கூத்து முடியட்டும். திங்கட்கிழமையிலயிருந்து நான் தனியத்தான் போவன்,” என்றாள் ஒருநாள்.

நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவள் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டாள்.

கூத்தன்று மதியம் பனி கொட்டியது. இரண்டாம் தளபதி டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிற தம்பி. திரை திறந்து அரைமணித்தியாலத்தில் என் தொலைபேசிக்கு அழைப்பு எடுத்தார்.

“அக்கா, இன்னும் ஓடுபாதையிலை பனி வழிக்கிறாங்கள். விடமாட்டாங்களாம். உடுப்பும் என்ரை காருக்குள்ளதான் கிடக்கு.”

நான் மேடைக்குப் பின்னால் ஓடிப்போய்ச் சொன்னேன். அண்ணாவியார் மத்தளத்தை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்து, தலையில் கைவைத்தார். அடுத்த பாட்டுக்காகக் காத்திருந்த மகள், ஒட்டுமீசையை அழுத்தியபடி சொன்னாள்:

“அம்மாவுக்கு முழுக்கத் தெரியும். அந்த மாமா பாடேக்கை இவவின்ரை வாயும் அசையும். எனக்கு எவ்வளவு வெக்கம் தெரியுமே!”

“எனக்கு ஏலாது,” என்றேன்.

“மூண்டு மாசமாச் சும்மாவே வந்து குந்தியிருந்தனீர்?” என்றார் அண்ணாவியார். “வாரும் பிள்ளை. சேலையை இழுத்துச் செருகும்.”

மகளின் மார்க்கவசம் எனக்குப் பாதிவரைதான் வந்தது. காலில் பனிச்சப்பாத்து. மாற்றுவதற்கு வேறு சப்பாத்து இல்லை. போரில் வென்ற தளபதி அப்படித்தான் மேடைக்கு வந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

“சண்டை ரஷ்யாவிலையோ நடந்தது?”

மண்டபமே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அது நல்லதாய்ப் போயிற்று. மகள் முழங்காலிட்டு வாளை நீட்டினாள். நான் வாங்கினேன். அவள் எழுந்து என் முதுகுக்குப் பின்னால் போனாள்.

“வென்று வந்தேனே மன்னா, உன் வாளோடு வந்தேனே,” என்று தொடங்கினேன். குரல் எங்கிருந்தோ வந்தது, அதுவும் சுருதியோடு. இரண்டாவது அடியில் பின்னால் படீரென்று ஒரு சத்தம். மேடைக்குப் பக்கத்துப் படி செங்குத்தானது, நான் முன்பே பார்த்து வைத்திருந்தேன். கை குளிர்ந்துவிட்டது.

திரும்பினேன். பாதி திரும்பும்போதே, மேடையோரம் மறுபடி மத்தளத்தோடு இருந்த அண்ணாவியாரின் கண்கள் என்னைச் சுட்டன. நிற்க முடியாமல் அப்படியே முழுச் சுற்றாகச் சுற்றி, காலைத் தட்டி, முன்பக்கம் வந்து நின்றேன். அவர் அந்தத் தட்டுக்கு ஒரு முத்தாய்ப்பு வைத்தார். சபை கைதட்டியது. அந்தச் சுற்றுக்குள் நான் பார்த்தது: தலைக்கவசம் படியில் உருண்டுகொண்டிருந்தது, மகள் இரண்டு கால்களிலும் நின்று, மீசையோடு, “பாடுங்கோ!” என்று வாயசைத்தாள்.

பாடினேன். சிறைக்குப் போகும்வரை பாடினேன். கூத்து முடிந்து நன்றியுரை நடக்கும்போது, டோர்வல் தம்பி முழு உடுப்போடு வந்து சேர்ந்தார். அவருக்கும் ஒரு கைதட்டு கிடைத்தது.

வீட்டுக்கு வரும் வழியில் மகள் சொன்னாள்:

“திரும்பிப் பாத்தனீங்கள்.”

“சுத்தினனான். அது ஆட்டம்.”

“ஓமோம், ஆட்டம்.”

திங்கட்கிழமை காலை நான் கோட்டைப் போடவில்லை. அவள் தனியே படியிறங்கி, பனிக்குவியலைத் தாண்டி, அந்த மூலையை நோக்கி நடந்தாள். நான் யன்னலடியில் நின்றேன். அவள் சிக்னல் வெளிச்சம் மாறும்வரை நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, கடந்தாள். பிறகு வீட்டுப்பக்கம் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி, அடுத்த கணம் நடைபாதையில் முழுச் சுற்று ஒன்று சுற்றிக் காலைத் தட்டினாள்.

நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி வைத்தேன். ஒரு கோப்பைக்கு மட்டும்.