இடப்பக்கம் ஓடிய எண்ணெய்: எண்ணூருக்கு ஒரு வண்டி வீட்டுப் பயணம்

லாரியிலேயே வீடு வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிற ஆசை இப்போது சிலருக்கு வந்திருக்கிறது. யுத்தம் முடிந்து ராணுவம் ஏலத்தில் தள்ளிவிட்ட லாரிகளை வாங்கிக் கூரை போட்டுக்கொள்கிறார்கள். அப்படிப் புறப்பட நினைப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சென்ற மாசியில் நாங்கள் காஞ்சிபுரத்திலிருந்து எண்ணூருக்குப் போனோம். உல்லாசத்துக்காக அல்ல, என் கொழுந்தன் ராஜமணியின் காலுக்காக.

ராஜமணி சென்னைத் துறைமுகத்தில் வேலை செய்கிறவன். மூட்டை அடுக்கு சரிந்து தொடை எலும்பு முறிந்துவிட்டது. ராயபுரத்து ஆஸ்பத்திரியில் இடுப்பிலிருந்து பாதம் வரை மாவுக்கட்டு போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். கட்டைப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் ஆகும், அதுவரை கடல் காற்றில் இருக்கட்டும் என்றார் டாக்டர். கூடவே ஒரு குண்டையும் போட்டார்: "படுக்கை குலுங்கக் கூடாது. எலும்பு இப்போதுதான் கூடுகிறது. மறுபடி விலகினால் ஆயுசுக்கும் நொண்டிதான்." உட்கார முடியாத ஆளை ரயிலிலோ பஸ்ஸிலோ ஏற்ற முடியாது. "நம்ம வண்டி எதுக்கு இருக்கு?" என்றார் என் வீட்டுக்காரர். எண்ணூர் கழிமுகத்தருகே அவருடைய சிநேகிதர் வீடு ஒன்று காலியாக இருந்தது.

வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்களுக்குப் பித்தளைப் பாத்திர வியாபாரம். திருவிழாவுக்குத் திருவிழா கடை போடுகிறவர்கள் என்பதால் வருஷத்தில் பாதி நாள் அந்த லாரிதான் வீடு. வலப்பக்கம் கதவும் அடுப்பும். இடப்பக்கம் கட்டில், தண்ணீர்ப் பீப்பாய், அரிசி மூட்டை. பின்னால் ஒவ்வொரு பக்கமும் இரட்டைச் சக்கரம், வெளியே ஒன்றும் அதை ஒட்டி உள்ளே ஒன்றுமாக. இந்த ஜோடிகள் கூட்டுக்குடும்பத்து ஓரகத்திகள் மாதிரி. ஒருத்தி உடம்பு முடியாமல் படுத்துவிட்டால் மற்றவள் இரண்டு பேர் வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வாள். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒன்றுமே தெரியாது.

என் வீட்டுக்காரர் காற்று அளக்கிற கருவி ஒன்று வாங்கி, அதைத் துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தினமும் காலையில் டயர்களை அளப்பார். ஆனால் இடப்பக்கத்து உள் டயருக்குக் காற்றடிக்கிற மூக்கை எட்ட விடாமல் பீப்பாய்க்கு அடித்த பலகை மறைத்துக்கொண்டிருந்தது. "வெளிய சரியா இருந்தா உள்ளயும் சரியாத்தான் இருக்கும்" என்பது அவர் சித்தாந்தம். வெளியே சிரித்துக்கொண்டிருக்கிறவர்களெல்லாம் உள்ளேயும் சௌக்கியம் என்று நம்புகிற மனிதர் அவர்.

காஞ்சிபுரத்திலிருந்து ராயபுரம் ஏறக்குறைய ஐம்பது மைல். ஐந்து காலன் பெட்ரோல் பிடித்தது. வழியெல்லாம் கருங்கல் ஜல்லி கொட்டி ரோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ராயபுரம் மாதா கோவிலைத் தாண்டிக் கடலோரம் வண்டியை நிறுத்தி, தோசைக்கல்லைப் போட்டேன். கல்லில் விட்ட எண்ணெய் நடுவில் நிற்காமல் இடப்பக்க விளிம்புக்கு ஓடியது. மாவும் அதன் பின்னாலேயே போனது. "மணல் தரை, கமலா. சரிஞ்சிருக்கும்" என்றார் என் வீட்டுக்காரர். சரி என்று கோணல் தோசையைத் தின்றோம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆஸ்பத்திரி ஆட்கள் நான்கு பேர் ராஜமணியை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்து எங்கள் கட்டிலில் இறக்கிவிட்டு, ஸ்ட்ரெச்சரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். எண்ணூருக்குப் பத்து மைல்தான். என் வீட்டுக்காரர் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டினார். தண்டையார்பேட்டையில் மண்ணெண்ணெய் லாரிகளும் பார வண்டிகளும் வழியை அடைத்துக்கொண்டு நிற்க, அரைமணி நேரம் அசைய முடியவில்லை. சும்மா இருப்பானேன் என்று ராஜமணிக்குத் தோசை வார்த்தேன். எண்ணெய் மறுபடி இடப்பக்கம் ஓடியது.

"ரோட்டோரம் எப்பவுமே சரிவாத்தான் இருக்கும்" என்றார் முன்னாலிருந்து. அதுவும் நியாயம்தான். அவரிடம் எதற்கும் ஒரு நியாயம் தயாராக இருக்கும்.

திருவொற்றியூர் நெருங்கும்போது ராஜமணி, "அண்ணி, கை கட்டிலுக்குக் கீழ தொங்கிச்சு. பலகை சுடுதே!" என்றான். நான் தொட்டுப் பார்த்தேன். அடுப்பு வலப்பக்கம் இருக்கிறது, அதையும் எப்போதோ அணைத்தாயிற்று. இடப்பக்கம் சுடுவானேன்? வண்டியை நிறுத்தினால்தான் ஆயிற்று என்று முன்பக்கத்துப் பலகையைத் தட்டினேன்.

ரோட்டோரம் ஒரு திறந்த மைதானம் இருந்தது. அங்கே நிறுத்தச் சொல்லிக் கல்லை வைத்து எண்ணெய் விட்டேன். இடப்பக்கம் ஓடியது. "இப்ப வண்டியை அப்படியே திருப்பி, அதே இடத்துல நிறுத்துங்க" என்றேன். தரை சரிவாக இருந்தால் இந்தத் தடவை எண்ணெய் வலப்பக்கம் ஓட வேண்டும். அவர் முணுமுணுத்துக்கொண்டே திருப்பினார். திருப்புகிறபோது வண்டி ரோட்டை அடைக்க, பின்னால் ஒரு விறகு லாரி ஹாரன் அடித்து ஓய்ந்தது. அதன் டிரைவர் இறங்கி வந்து எங்கள் கதவுக்குள் எட்டிப் பார்த்தபோது, நான் தோசைக்கல்லைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இன்னாம்மா இது பேஜாரு? நடுரோட்டுல தோச சுட்டுகினு கீறீங்க?"

"தோசை இல்லீங்க. எண்ணெய் எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாருங்க" என்றேன். ஓடியது. மறுபடியும் இடப்பக்கம்தான். சரிந்திருப்பது தரை அல்ல, எங்கள் வீடு.

அந்த டிரைவர் காதர் பாய், தண்டையார்பேட்டைக்காரர். மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை. தன் வண்டியிலிருந்து இரும்புத் தடியை எடுத்துவந்து இடப்பக்கத்து வெளி டயரைத் தட்டினார். கணீரென்றது. இடுக்கில் தடியை நுழைத்து உள் டயரைத் தட்டினார். நனைந்த மூட்டையைத் தட்டியது போலத் தொப்பென்றது.

"உள்டயரு சுத்தமா பூட்ச்சு. அம்மாம் பாரத்தையும் வெளிடயரு ஒண்டியா தூக்கிகினு வந்துகீது. தொட்டுப் பாரு நைனா, கொதிக்குது. அது வெடிச்சா வண்டி ஒருசாயா உக்காந்துரும்" என்றார். என் வீட்டுக்காரர் கையை வைத்துவிட்டு உடனே எடுத்தார். கட்டில் அந்தச் சக்கரத்துக்கு நேர் மேலே இருக்கிறது. ராஜமணி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு படுத்திருந்தான். "அண்ணி, என் காலு..." என்றான்.

சக்கரத்தைக் கழற்ற வேண்டுமென்றால் ஜாக்கி போட்டு வண்டியைத் தூக்க வேண்டும். ஒருபக்கமாகத் தூக்குகிற வண்டிக்குள் அவனை வைத்திருக்க முடியாது. இறக்கலாமென்றால் ஸ்ட்ரெச்சர் இல்லை. துணியில் தூக்கினால் உடம்பு வளையும். நாங்கள் விழித்துக்கொண்டு நிற்க, எதிர்வீட்டு வாசலிலிருந்து ஒரு அம்மாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். பெயர் ஞானம்மா, புருஷனுக்கு ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் வேலை. வண்டிக்குள் ஒரு பார்வை, எங்கள் முகங்களில் ஒரு பார்வை. திரும்பித் தன் வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இன்னாய்யா பாத்துகினு கீற? கதவக் கழட்டி எடுத்தா!"

அது கீல் இல்லாமல் குழியில் நின்று திரும்புகிற குடுமிக் கதவு. அவள் புருஷனும் பக்கத்து வீட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஒரே தூக்கில் குழியிலிருந்து எடுத்துவிட்டார்கள். "ஐயோ, வீடு திறந்து கிடக்குமே" என்றார் என் வீட்டுக்காரர், அந்த நேரத்திலும். "கெடக்கட்டும் சாமி. உள்ள இன்னா கீது? ஒரு பானையும் மாதா படமும்தான். மாதாவ எவன் தூக்குவான்?" என்றாள் ஞானம்மா.

கதவைக் கட்டில் ஓரமாக நுழைத்து, ஐந்து பேர் மூச்சுப் பிடித்து, ராஜமணியை அதன் மேல் இழுத்து இறக்கினார்கள். பூவரச மரத்து நிழலில் இரண்டு பெஞ்சுகளின் மேல் கதவு, கதவின் மேல் அவன். ஞானம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டு, கடுங்காப்பியைச் சிறிது சிறிதாக அவன் வாயில் விட்டாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. யார் பெற்ற பிள்ளை, யார் வீட்டுக் கதவு! அந்த அம்மாளை நினைக்காமல் இன்றுவரை நான் விளக்கேற்றியதில்லை.

காதர் பாய் சக்கரத்தைக் கழற்றியதும் விஷயம் தெரிந்தது. இரண்டு டயர்களுக்கும் நடுவே ஒரு கருங்கல் ஜல்லி சிக்கி, ஓட ஓட உள் டயரை அறுத்திருக்கிறது. மாற்று டயரை உள்ளே போட்டு, வெளி டயர் ஆறும்வரை காத்திருந்து, பீப்பாயை வலப்பக்கம் மாற்றிக் கட்டி முடிக்கும்போது பகல் இரண்டு மணி. அவருடைய விறகு அதுவரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. கூலியென்று எதை நீட்டினாலும் வாங்க மறுத்தார். "அந்தத் தோசைய சுட்டுக் குடும்மா, போதும்" என்றார். கல்லைப் போட்டேன். எண்ணெய் நடுவில் வட்டமாக நின்றது. மாவு தீருகிறவரை எல்லோருக்கும் வார்த்தேன். அவ்வளவு நிம்மதியாக நான் ஒருநாளும் தோசை வார்த்ததில்லை.

மிச்சம் ஐந்து மைலை அலுங்காமல் கடந்தோம். எண்ணூரைப் பற்றிச் சொல்வதென்றால், கழிமுகத்தில் காலையில் படகுக்காரர்களிடம் நேரே மீன் வாங்கலாம், நாலணாவுக்கு வீடு முழுக்கச் சாப்பிடலாம். நல்ல தண்ணீர்தான் கிடைக்காது. திருவொற்றியூரிலேயே பிடித்துக்கொண்டு போய்விடுங்கள்.

வண்டி வீட்டுக்காரர்களே, டயர் விஷயம்தான் முக்கியம். நான்கு பின்சக்கரங்களையும் தனித்தனியாகத் தட்டிப் பாருங்கள். வெளியே இருப்பதைக் கொண்டு உள்ளே இருப்பதை ஊகிக்காதீர்கள். புறப்படுமுன் இடுக்கில் கல் இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பதில் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது. நிறுத்தும்போதெல்லாம் புறங்கையால் தொட்டு, ஜோடியில் ஒன்று மட்டும் சுடுகிறதா என்று பாருங்கள். உள் டயரின் மூக்கை மறைக்கிற பலகை எதுவானாலும் அறுத்தெறியுங்கள், என் வீட்டுக்காரர் அறுத்தது போல. அந்தக் கருவி சாமி பக்கத்திலிருந்து இறங்கி, இப்போது என் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. தோசைக்கல்லையும் மறந்துவிடாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து ராயபுரத்தில் கட்டைப் பிரித்தார்கள். எலும்பு நேராகக் கூடியிருந்தது. அங்கேயே வைத்துச் சில நாள் நடக்கப் பழக்கி, கையில் ஒரு தடியும் கொடுத்து அனுப்பினார்கள். வண்டியில் ஏறியதும் ராஜமணி, "அண்ணா, திருவொற்றியூர் போ" என்றான். காஞ்சிபுரத்துக்கு அது நேர் எதிர்த்திசை. என் வீட்டுக்காரர் நியாயம் எதுவும் பேசாமல் வண்டியைத் திருப்பினார்.

ஞானம்மா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. நான் இறங்கப் போனேன். ராஜமணி தடுத்துவிட்டான். தடியை ஊன்றிக்கொண்டு, மைதானத்தைத் தாண்டி, தானே நடந்துபோய்க் கதவைத் தட்டினான். ஞானம்மா திறந்து, அவன் முகத்தைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள்.

"இன்னா நைனா," என்றாள், அவன் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அன்னிக்குக் கதவு மேல படுத்துகினு இருந்தே, இன்னிக்கு நீயே வந்து கதவத் தட்டுறியா!"