வாங்காத கேஸ் பணம்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். எட்டாவதில் கணக்கு என்னைத் துரத்திவிட்டது. எழுத்துக்கும் எனக்கும் ரொம்ப தூரம். ஆனால் புதிதாக வேலைக்குச் சேர்கிற பையன்கள் முதல் நாளே, "அண்ணே, கேஸுக்கு எவ்ளோ கெடைக்கும்?" என்று கேட்கிறார்கள். அதனால்தான்.

சிதம்பரத்திலிருந்து கடலூர் போகிற வழியில் ஒரு ஹெல்த் சென்டரில் நான் அட்டெண்டர். கர்ப்பப்பைக்குள் வைக்கிற கருத்தடை லூப் வந்த புதிது. பிள்ளை போதும் என்கிற பெண்களுக்கு லூப் போட்டால், எங்களுக்குச் சம்பளத்துக்கு மேலே கேஸுக்கு இவ்வளவு என்று பணம். டாக்டருக்குச் சந்தோஷம்.

"சார், எனக்குப் போட்டாலும் கணக்குல சேருமா?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நர்ஸம்மா சிரிக்கவில்லை.

"எனக்கு அந்தப் பணம் வேணாம் சார். சம்பளம் வாங்குறேன்ல."

"பணம் உங்க இஷ்டம்மா. கேஸ் மட்டும் கொறையக் கூடாது."

தலைக்குக் காசு என்கிற சேதி ஊரெல்லாம் பரவியது. பிரசவத்துக்கு ஓடிவந்து கூப்பிட்ட தெருவிலேயே, நர்ஸம்மா குடையைக் கண்டதும் கதவைச் சாத்தினார்கள்.

ஒரு வீட்டில் மூன்றாவது பிரசவம். விடியற்காலையில் வலி வந்தும் மதியம்வரை பிள்ளை பிறக்கவில்லை என்று கேள்விப்பட்டு நர்ஸம்மாவும் நானும் போனோம். மாமியார்க்காரி கதவைத் திறக்கவில்லை.

"வயித்த மட்டும் தொட்டுப் பாக்குறேன் ஆயா. லூப் பேச்சே எடுக்க மாட்டேன்."

"இன்னிக்குத் தொடுவ, நாளைக்குப் போடுவ. உனக்கு எம் மருமவ ஒரு கேஸு!"

"நான் அந்தப் பணமே வாங்குறதில்ல ஆயா."

"காசு வாங்காம இந்த வெயில்ல எவ வருவா?"

 நாங்கள் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

கதவு திறந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. பிள்ளை குறுக்கே கிடந்தது. ஒரு கை வெளியே வந்திருந்தது. எங்கள் சென்டர் டிரைவர் காதர், என் சிநேகிதன், ஜீப்பைக் கடலூருக்கு விரட்டினான். தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை.

மறுநாள் நர்ஸம்மா டாக்டர் முன்னால் போய் நின்றார்.

"சார், இனிமே என் பங்கையும் குடுத்துடுங்க."

"இப்பதான் புத்தி வந்திருக்கு," என்றார் டாக்டர்.

நான் கற்றது இவ்வளவுதான். தலைக்கு விலை வைத்துவிட்டால், வாங்காதவரையும் ஊர் வாங்கினவராகத்தான் பார்க்கும்.

சாயங்காலம் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்த காதரிடம், "பாத்தியாடா, நர்ஸம்மாவே மாறிட்டாங்க," என்றேன்.

"அவுங்க எங்க மச்சான் மாறுனாங்க, ஊரு சொன்னதுக்கு ஒத்துக்கிட்டாங்க."