என் முழமும் தங்கையின் முழமும்

பூக்கடைத் தொழிலில் தராசு இல்லை; விற்பவரின் கையே அளவு, வாங்குபவரின் கண்ணே நீதிபதி. என்னைப் போல் பூ அளந்து பேச்சு வாங்கியவர்களுக்கு இது தெரியும். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற மறு ஆண்டே இந்த வேலை எனக்கு வாய்த்தது. மலேசியாவின் கிள்ளானில் பூக்கடை வைத்திருக்கும் என் தங்கை சரசு, குளியலறையில் வழுக்கி வலக்கையை முறித்துக்கொண்டாள்.

மரக்கோல்

முழம் என்பது முழங்கை மூட்டிலிருந்து நடுவிரல் நுனி வரை, இரண்டு சாண். ஆளுக்கு ஆள் மாறும் அளவு எனக்கு ஒவ்வாது. ஆகவே முதல் நாளே, வகுப்பறையில் பயன்படுத்திய மரக்கோலை மேசைமேல் வைத்து, நாற்பத்தைந்து செண்டிமீட்டருக்கு ஒரு முழம் என்று மல்லிகைச் சரத்தை நறுக்கினேன். வெள்ளிதோறும் காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் புஷ்பம் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"டீச்சர், நான் பூ வாங்க வந்தேன் லா. சட்டைக்கா அளவெடுக்கிறீங்க? கையால போடுங்க!"

அம்மன் படம்

கையால் போட்டேன். மறு வெள்ளி அவர் முகம் சரியில்லை. மகளின் திருமணத்துக்கு அறுபது முழம் எங்கள் கடையில்தான் என்று அவர் சரசுவிடம் முன்பே சொல்லியிருந்தார்.

"சரசு போடுற மூணு முழம் எங்க வீட்டு அம்மன் படத்த அப்படியே சுத்தி வரும். நீங்க போட்டது ஆறு விரல் எட்டல. இப்படின்னா கல்யாணப் பூவ பக்கத்துக் கடையில சொல்லிடுவேன், டீச்சர்."

இரண்டு ஆணிகள்

அன்று மாலையே சரசுவின் வீட்டுக்குச் சென்று, கட்டுப் போடாத இடக்கையை நூலால் அளந்தேன். என் கையைவிட இரண்டு விரற்கடை நீளம். மூன்று முழத்துக்கு ஆறு. புஷ்பத்தின் கணக்கில் பிழையில்லை. அந்த நூலின் நீளத்துக்குக் கடை மேசையில் இரண்டு பித்தளை ஆணிகள் அறையப்போவதாகச் சொன்னேன். இத்தனை ஆண்டுகளில் ஒருவரும் குறை சொல்லாத கை அது! எனக்குப் பெருமையாக இருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"என்னைய வீட்டுல உக்கார வெச்சிட்டு, என் கைய மட்டும் கடைக்குக் கூட்டிட்டுப் போறியா அக்கா?"

அறுபது முழம்

புஷ்பத்திடம் நான் கெஞ்சவில்லை. ஆணிகளுக்கிடையே மூன்று முழம் அளந்து கொடுத்து, "அம்மனுக்குச் சுற்றிப் பார்த்துவிட்டு முடிவு சொல்லுங்கள்" என்றேன். மறுநாளே தொலைபேசியில் அழைத்தார். கல்யாணப் பூ எங்களுக்கே. அறுபது முழத்தையும் நானே அளந்தேன். திருமணம் முடிந்த வெள்ளியன்று வந்தவர், அந்த ஆணிகளைத் தடவிப் பார்த்தார்.

"மாப்பிள்ளை வீட்டு ஆளுங்க கைய வெச்சு அளந்தே பார்த்துட்டாங்க டீச்சர். 'யாரு லா இவ்ளோ தாராளமா போட்டது'ன்னு கேட்டாங்க. எங்க சரசுதான்னு சொல்லிட்டேன்!"

முப்பது ஆண்டுகள் பிறர் விடைத்தாளில் பிழை தேடிய நான், என் கையிலிருந்த இரண்டு விரற்கடைப் பிழையைத் திருத்தியதற்கு, முழு மதிப்பெண்ணும் தங்கைக்கே போயிற்று.