நிரைக்கு முன்னால் போகிற நாய்

என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அதற்குப் பிறகு பேனாவைவிடத் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைத்தான் அதிகம் பிடித்திருக்கிறேன். எழுத்துப் பிழைகளும் நிறைய இருக்கும். அவற்றுக்காக மன்னிப்புக் கேட்கிறேன். எழுதிய விஷயத்துக்காகக் கேட்கமாட்டேன். ஒரு நாய்க்காக இவ்வளவு பாடா என்று சிரித்தவர்கள் சிரித்து முடித்துவிட்டார்கள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது, கழுத்தெல்லாம் வியர்த்துவிடும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் தேயிலைத் தோட்டத்து வாச்சர், காவல்காரன். றொசல்ல ஸ்டேசனில் நின்று மேலே பார்த்தால் தெரிகிற கடைசி மலைதான் எங்கள் காட்டுத் தொங்கல். தேயிலை முடிகிற இடத்தில் மானாப்புல், அதற்கு அப்பால் காடு. பன்றிகள் பட்டப்பகலிலும் இறங்கி வந்து தேயிலைக்குள் படுத்திருக்கும். ஒருமுறை கொழுந்தெடுக்கப் போன பெண்ணை ஒரு பன்றி இடித்து, தண்ணீர் வடிய வெட்டிய கானுக்குள் தள்ளிவிட்டது. அவருக்குக் கால் முறிந்தது. அன்றிலிருந்து அங்கே ஒரு வழக்கம் உண்டு. தேயிலைச் செடிகளின் ஒவ்வொரு நிரைக்குள்ளும் முதலில் என் நாய் போகும். செடிகளுக்கு அடியில் மோந்துகொண்டே மேல் கான் வரை போய்த் திரும்பி வந்தால்தான் பெண்கள் நிரை பிடிப்பார்கள். என் மனைவியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது நாயும் பெண்களோடு வந்து உட்கார்ந்துவிடும்.

போன மழைக்காலத்தில் அதற்கு உண்ணிக் காய்ச்சல் வந்தது. மூக்கிலிருந்து இரத்தம் ஒழுகியது. ஈறு சுண்ணாம்புபோல வெளுத்துவிட்டது. சாக்கில் சுற்றி, ஆட்டோவில் அட்டன் மிருக டாக்டரிடம் கொண்டுபோனேன். அந்த டாக்டரம்மா சிங்களப் பெண்; தமிழ் கொஞ்சம் தெரியும். ஊசி போட்டு, மருந்து கொடுத்து, பல நாள் வரச் சொன்னார். உயிர் தங்கியது. ஆனால் என் நாய் எலும்பும் தோலுமாகிவிட்டது. பின்னங்கால்கள் அதன் சொல் கேட்கவில்லை.

“இரத்தம் ஊறணும். மொதல்ல ரெஸ்ட். பொறவு கொஞ்சம் கொஞ்சமா நடக்க விடுங்க, சமதரையில மட்டும். மேடு ஏத்த வாணாம். ஈறு வெளுத்தா ஒடனே நிப்பாட்டுங்க” என்றார் டாக்டரம்மா.

தோட்டத்து வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா, நாங்கள் குடியிருக்கும் லயத்து வாசலுக்கே வந்து பார்த்தார். காட்டுத் தொங்கலை அப்போதுதான் கவ்வாத்து வெட்டியிருந்தோம். செடிகள் எல்லாம் வெறும் குச்சியாக நின்றன. திரும்பக் கொழுந்துக்கு வர மாதங்கள் ஆகும்.

“இது இனி ஒதவாதுப்பா. அந்த மல கொழுந்துக்கு வாறதுக்குள்ள வேற நாய் கொண்டாறேன். இத லொறியில ஏத்தி டவுன்ல விட்டுரு” என்றார்.

நிலத்தைப் பார்த்தபடியே, “கவ்வாத்து வெட்டுன செடிய யாரும் புடுங்கிப் போடுறதில்லீங்களேய்யா” என்றேன்.

அவர் சிரித்தார். “சரி, செடி தளுக்கட்டும். ஒன் நாயும் தளுக்குதான்னு பாப்போம். அதுக்கு மேல எங்கிட்ட வந்து நிக்காத.”

அதுதான் கெடு. மலை தளிர்க்கும் முன்னால் நாய் தளிர்க்க வேண்டும்.

ஆனால் சமதரைக்கு எங்கே போவது? எங்கள் தோட்டத்தில் லயத்திலிருந்து தண்ணிப் பீலிக்குப் போனாலும் படி, கோயிலுக்குப் போனாலும் படி. பெரட்டுக்களம் ஒன்றுதான் சமம். அங்கே நடத்தினால் ஊரே வேடிக்கை பார்க்கும். யோசித்துக்கொண்டிருந்தபோது கீழே கோச்சி போகிற சத்தம் கேட்டது. மலையைச் சுற்றிச் சுற்றி ஏறினாலும் தண்டவாளம் கிட்டத்தட்டச் சமமாகத்தான் கிடக்கும்.

வேலை முடிந்ததும் நாயைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்குவேன். தண்டவாளத்தில் விட்டு நடத்துவேன். முதலில் ஒரு தந்திக் கம்பத்திலிருந்து அடுத்தது வரைகூடப் போக முடியவில்லை. சிலிப்பர் கட்டைகள் அதற்கு இடைஞ்சல் என்றுதான் நினைத்தேன். கட்டைக்குக் கட்டை காலைத் தூக்கி வைக்காவிட்டால் தட்டும். தட்டித் தட்டி, இழுத்துக்கொண்டிருந்த பின்னங்கால் தூக்க ஆரம்பித்தது. டாக்டரம்மாவிடம் சொன்னபோது, “அது நல்ல எக்சசைஸ். ஆனா கோச்சி?” என்று பயந்தார். எனக்கும் பயம்தான். ரயில் லைன் வேலைக்காரர் ஒருவர் தூரத்திலிருந்து, “ஓய், கோச்சிய எனவா!” என்று, கோச்சி வருவதைச் சிங்களத்தில் கத்திச் சொல்வார். உடனே நாயைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தில் ஒதுங்குவேன். பிறகு என்னைக் கண்டாலே அவருக்குச் சிரிப்பு.

லயத்தில் சிரிப்புக்குக் குறைவே இல்லை.

“என்னண்ணே, நாய கொழும்புக்கா அனுப்புறீங்க? டிக்கட் எடுத்தாச்சா?”

“டிக்கட்டு வேணாம்டா. அது நடந்தே போயிரும்” என்று உள்ளேயிருந்து என் மனைவி பதில் சொல்வாள். எனக்குப் பதிலாகப் பேசுவது எப்போதும் அவள்தான். கோழி ஈரலை அவித்துப் பிசைந்துகொண்டே, “நான் காய்ச்சலா கெடந்தப்ப எனக்கு யாரு ஈரல் அவிச்சா?” என்று என்னிடமும் கேட்பாள். ஆனாலும் நாய் தின்று முடிக்கும்வரை பக்கத்தை விட்டு எழும்பமாட்டாள்.

மலை பச்சையானது. அதற்கு முன்பே கண்டாக்கையா புது நாயைக் கொண்டுவந்துவிட்டார். பெரிய தலை, கழுத்தில் சங்கிலி. கொழுந்துக் கூடையைக் கண்டாலும் குரைத்தது. கொழுந்தெடுக்கப் போகிற முதல் நாள் பெரட்டில், “காட்டுத் தொங்கலுக்குப் பொம்பளைங்க எல்லாரும்” என்றார். சங்கிலியை என் கையில் கொடுக்க வந்தார். நான் கையை நீட்டவில்லை.

என் நாய் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தது. காது மட்டும் நிமிர்ந்திருந்தது.

மலைக்கு ஏறுகிற படி செங்குத்து. பெண்கள், பின்னால் நாங்கள், எல்லோருக்கும் பின்னால் புது நாயைப் பிடித்தபடி கண்டாக்கையா. பாதியில் என் நாய் உட்கார்ந்துவிட்டது. குனிந்து அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு சிவப்பாகத்தான் இருந்தது. மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான்.

“தூக்கிட்டுப் போயேம்ப்பா. நேரமாகுது” என்றார் கண்டாக்கையா.

என் கழுத்து வியர்த்தது. இருந்தாலும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னேன்: “தூக்கமாட்டேங்க. வேலைக்குப் போற ஆள யாரும் தூக்கிட்டுப் போறதில்ல. அது நடந்து வரும்.”

முன்பு கால் முறிந்த அந்தப் பெண் கூடையை இறக்கிப் படியில் வைத்து, அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். “எனக்கும் கால் வலிக்குதுங்கய்யா” என்றார். வரிசையாக மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். என் மனைவி வெற்றிலைப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்டாக்கையா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார். புது நாய் எல்லோரையும் பார்த்துக் குரைத்தது.

என் நாய் எழுந்தது. உடம்பை உதறிவிட்டு ஏறியது. மேலே போனதும் நான் ஒன்றும் சொல்லாமலே முதல் நிரைக்குள் நுழைந்தது. ஓடவில்லை. இடது பின்னங்கால் கொஞ்சம் இழுத்தது. கவ்வாத்துக் குச்சிகள் கிடந்த இடத்தில் காலைத் தூக்கித் தூக்கி வைத்தது, சிலிப்பர் கட்டையில் வைப்பதுபோலவே. மேல் கான் வரை போய், மானாப்புல்லைப் பார்த்துக் கொஞ்சநேரம் நின்று, திரும்பி வந்தது. பன்றியும் இல்லை, ஒன்றும் இல்லை. என் மனைவி கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு அந்த நிரைக்குள் போனாள். நாய் அடுத்த நிரைக்குள் போனது.

எல்லா நிரையும் பார்த்து முடிய வழக்கத்தைவிட அதிக நேரம் ஆனது. ஆகட்டும். பெண்கள் காத்திருந்தார்கள்.

புது நாயைக் கண்டாக்கையா தன் பங்களாவில் கட்டிவைத்திருக்கிறார். என் நாய் இன்னொரு மழைக்காலத்தைத் தாண்டாது என்று இப்போதும் சொல்கிறார். சொல்லட்டும். இதை எழுதும்போது அது என் காலடியில்தான் படுத்திருக்கிறது. இன்று ஞாயிறு, பெரட்டு இல்லை. நாளைக்கு உண்டு. நாங்கள் இரண்டு பேரும் போவோம்.

2024 கார்த்திகை 17