பாலமில்லாத மேட்டில் ஒரு சிவப்புக் கார்

இந்த ஊரில் பெட்ரோல் போடும்போது யாரும் "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று சொல்வதில்லை. சொல்வதற்கு ஆளே கிடையாது. வண்டியை நிறுத்தி, இறங்கி, குழாயை நாமே உருவி, நாமே செருகி, காற்று காதைக் கடிக்க நாமே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். பச்சைக் கைப்பிடி என்றால் பெட்ரோல், கறுப்பு என்றால் டீசல். வந்து இத்தனை வருஷமாகியும், எண்கள் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் என் வாய் தன்பாட்டுக்கு "ஜீரோ" என்று சொல்லிவிடும். ஒருமுறை பக்கத்துக் குழாயில் நின்ற வெள்ளைக்காரர் திரும்பிப் பார்த்தார். குளிரைப் பற்றித்தான் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டு, "ராத்திரி இன்னும் கீழே போகும்" என்று ஆறுதலாகத் தலையாட்டினார். நானும் தலையாட்டினேன். இருவரும் ஒத்த கருத்தோடு பிரிந்தோம்.

அதைவிடப் பெரிய விசித்திரம், இங்கே டீசல்தான் பெட்ரோலைவிட விலை கூடுதல். இதை ஊரில் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்தில் டீசல் என்பது வேட்டியை மடித்துக் கட்டிய எரிபொருள். டிராக்டரில் ஏறும், அறுவடை மெஷினில் ஏறும், வாய்க்காலில் தண்ணீர் வராத ஆனி மாதத்தில் ஆயில் இன்ஜினில் ஏறி, குறுவை நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைக்கும். பெட்ரோல் மைனர். மோட்டார் சைக்கிளில் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு கடைத்தெருவைச் சுற்றி வரும். வடக்கு இங்கிலாந்தின் இந்த மலையடிவாரச் சிற்றூரில், வயது ஐம்பதைத் தொடப்போகும் நேரத்தில், இந்த இருவரில் ஒருவரை நான் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தது.

எங்கள் பழைய கார் வருடாந்தரச் சோதனைக்குப் போன இடத்தில் கண்ணை மூடிவிட்டது. அதே வாரத்தில்தான் என் மனைவி தமிழரசிக்கு அந்தக் கடிதம் வந்தது. அரசி நர்ஸ். இங்கே பக்கத்திலேயே ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வேலை. மலைக்கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு வார்டுக்கே பொறுப்பாக வரச் சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். கணவாய்க்கு விடியற்காலையில் பஸ் கிடையாது. நான் கண்ணாடி வில்லை தேய்க்கும் தொழிற்சாலைக்கு நடந்தே போய்விடுகிறவன். ஆக, கார் அவளுக்காகத்தான். ஆனால் காரைத் தேடுகிற பொறுப்பு என்னிடம் வந்ததால், என் ஆசையும் முன் ஸீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

இங்கே 'ஹாட் ஹாட்ச்' என்று ஒரு ஜாதிக் கார் உண்டு. பார்த்தால் பால் வாங்கப் போகிற சின்னக் குடும்பக் கார். உள்ளே இருப்பது பந்தய மாட்டின் நெஞ்சு. ஊருக்கு வெளியே இருந்த பழைய கார் விற்பனை நிலையத்தில் ஒரே மாதிரிக் கார் இரண்டு, பக்கத்துப் பக்கத்தில் நின்றன. ஒன்று சாம்பல் நிறம், டீசல். இன்னொன்று சிவப்பு, பெட்ரோல். அந்தச் சிவப்பை என்னவென்று சொல்ல? வெற்றிலை போட்ட வாயைத் திறந்து சிரித்தது போல இருந்தது. டீசல் கார் வேலைக்குக் கிளம்பத் தயாராக நின்றது. பெட்ரோல் கார் எங்கே கிளம்புகிறோம் என்று கேட்காமலே தயாராக நின்றது. நான் எந்தக் கட்சி என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அரசியின் அண்ணன், என் மச்சான், பாபநாசத்துக்குப் பக்கத்தில் நிலமும் டிராக்டரும் வாடகைக்கு விடும் அறுவடை மெஷினும் வைத்திருப்பவர். எதையும் அவரிடம் கேட்காமல் எங்கள் வீட்டில் வாங்கியதில்லை, வாஷிங் மெஷின் உட்பட. போன் போட்டேன்.

"மாப்ள, இதுல யோசிக்க என்னங்க இருக்கு? பெட்ரோலுங்கறது பொட்டிக் கடைக்குப் போயி வாழப்பழம் வாங்கிட்டு வர்றதுக்கு. குடும்பத்துக்கு டீசலுதான்."

"இங்க டீசல் விலை ஜாஸ்தி மச்சான்."

"யாரு சொன்னா?"

"பங்க்குல போர்டே வச்சிருக்கான்."

"போர்டு வைப்பான் மாப்ள. வெளியூர்க்காரவுகன்னு தெரிஞ்சிருக்கும்." சற்று நேரம் எனக்காக வருந்திவிட்டுத் தொடர்ந்தார். "வண்டி பாக்கப் போறப்ப மொதல்ல பேனட்டத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்துச்சுன்னா, உங்களுக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கான்னு அர்த்தம். பச்சத் தண்ணியாட்டம் இருக்கணும். அப்ப ஸ்டார்ட் பண்ணச் சொல்லி எனக்குப் போன் போடுங்க. சத்தத்தக் கேட்டுச் சொல்லிப்புடறேன்."

சொன்னபடியே போனேன். விற்பனையாளர் பெயர் கிரெய்க், தொப்பி போட்ட செம்பட்டைத் தாடிக்காரர். சிவப்புக் காரின் பேனட்டில் உள்ளங்கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். திறந்து பார்த்தால், கிரெய்க் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு தலைகுனிந்து நிற்கிறார். இந்தியர்கள் வண்டிக்குப் பூஜை போடுவார்கள் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். "முடிந்ததா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். முடிந்தது என்றேன். சாம்பல் காரின் பேனட்டையும் நான் தொட்டபோது மறுபடியும் தொப்பியைக் கழற்றினார். நல்ல மனிதர்.

சோதனை ஓட்டத்துக்குச் சிவப்பை முதலில் எடுத்தேன். இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காவிரிப் படுகையில் பிறந்தவனுக்கு மேடு ஏறத் தெரியாது. எங்கள் நிலம் தோசைக்கல். மேடு என்று ஒன்று இருந்தால் அது பாலம். தஞ்சாவூரிலிருந்து திருவையாற்றுக்குப் பஸ் ஏறினால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலத்துக்குப் பின்னால் பாலம். டிரைவர் கொஞ்ச தூரத்துக்கு முன்பே வேகம் பிடிப்பார், எதிரே வருகிறவனுக்காக உச்சியில் ஹாரனை ஒரு அழுத்து அழுத்துவார். அதே நொடியில் பஸ்ஸில் இருக்கிற அத்தனை தலையும் மேற்கே திரும்பும். தூங்குகிறவர், சண்டை போடுகிறவர், டிக்கெட் கிழிக்கிற கண்டக்டர் எல்லாரும். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று பார்க்க. பார்த்ததும் பஸ் இறங்கிவிடும், தலைகள் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். கார் ஓட்ட நான் கற்றுக்கொண்டதும் அந்தச் சாலையில்தான். எனவே மேடு என்றால் என் உடம்பு அறிந்தது இவ்வளவுதான்: ஓட்டம் எடு, ஹாரன் அடி, திரும்பிப் பார், இறங்கு.

கணவாய்ச் சாலையில் சிவப்புக் கார் சீறிக்கொண்டு ஏறியது. அந்தச் சத்தத்தை மச்சான் கேட்டிருக்க வேண்டும். உலோகத்தொண்டை ஒன்று கமகம் போட்டு மேல் ஸ்தாயிக்குப் போனது. கியரை மாற்றியபோது பின்னால் பட்டாசு போல இரண்டு வெடி. என் வயது பாதியாகக் குறைந்தது. வளைவின் உச்சியில் கை தானாக ஹாரனை அழுத்திவிட்டது, பஸ் டிரைவர் அழுத்துகிற மாதிரி, நீளமாக.

ஓரத்தில் நாயோடு நடந்துகொண்டிருந்த பெரியவர் திடுக்கிட்டு நின்றார். பிறகு கையசைத்தார். நானும் அசைத்தேன்.

"உங்களுக்குத் தெரிந்தவரா?" என்றார் கிரெய்க்.

இந்த நாட்டில் ஹாரன் அடிப்பது ஒன்று வசவு, அல்லது நட்பு. பாலத்துக்காக அடித்தேன் என்று எப்படிச் சொல்வது, பாலமே இல்லாத இடத்தில்? "ஆமாம், பழைய பழக்கம்" என்றேன். அதில் பொய் இல்லை.

பிறகு சாம்பலை ஓட்டினேன். அது சீறவில்லை, முனகவில்லை. சேற்றில் இறங்கிய டிராக்டர் மாதிரி அடித்தொண்டையில் உறுமிக்கொண்டு, ஏறுகிறோம் என்பதே தெரியாமல் ஏறியது. இதுவும் ஒரு அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். இறங்கியதும் கிரெய்க் தன் தொழில் கேள்வியைக் கேட்டார். ஒரு வருடத்துக்கு எவ்வளவு தூரம் ஓட்டுவீர்கள், எத்தனை வருஷம் வைத்திருப்பீர்கள்? தூரம் அதிகம், ரொம்ப நாள் வைத்திருப்பீர்கள் என்றால் டீசல். கொஞ்சம் ஓட்டிவிட்டு விற்பதென்றால் பெட்ரோல். அவ்வளவுதான் விஷயம் என்றார்.

அவ்வளவுதானா? "ரெண்டு வருஷம்" என்று என் வாய் சொன்னது, 'ஜீரோ' மாதிரியே, தன்பாட்டுக்கு. புலம்பெயர்ந்தவர்களே, உங்களுக்குத் தெரியும், நாம் எல்லாவற்றையும் இரண்டு வருஷத்துக்குத்தான் வாங்குகிறோம். மெத்தை, மிக்ஸி, திரைச்சீலை. ஊருக்குப் போய்விடப் போகிறோமே. அந்த மிக்ஸி எங்கள் வீட்டில் மூன்றாவது ஜாரோடு இன்னும் அரைத்துக்கொண்டிருக்கிறது. பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் எனக்குள் கணக்கு ஒன்று உருவானது. சாம்பல் என்றால் அரசி கணவாயைத் தாண்டி அந்த வேலைக்குப் போகிறாள், நாங்கள் இங்கேயே இருந்துவிடுகிறோம். சிவப்பு என்றால் அவள் பழைய வேலையிலேயே தொடர்கிறாள், இரண்டு வருஷத்தில் ஊர். அவள் அந்தக் கடிதத்தை எத்தனை தடவை எடுத்துப் படித்தாள் என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சிவப்பை விட்டுக்கொடுக்க மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

வியாழன் மாலை அரசி யூனிபாரத்துக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"டீசலையே எடுத்துக்கலாம், அரசி" என்றேன், தியாகியின் குரலில்.

"யாருக்கு?"

"ஒனக்குத்தான். தெனமும் மலை தாண்டிப் போகணும்ல?"

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "அப்ப பெட்ரோல் எடுத்தா நான் வேலைக்குப் போவ வேணாமா?"

என் கணக்கில் அந்தக் கேள்விக்கு இடமில்லை.

"நானும் பாத்துக்கிட்டேதாங்க இருக்கேன். என் வேலைய நீங்களும் எங்க அண்ணனும் ஒரு டேங்குல ஊத்தி மூடி போட்டுட்டீங்க. எங்க வீட்டுல, நான் பொறந்ததுலேருந்து, வேலைக்கில்லாத வண்டின்னு ஒண்ணு இருந்ததே இல்ல. டிராக்டரு, டிரெய்லரு, ஆயில் இன்ஜினு. காரு வாங்குனப்பவும் டிக்கியில டீசல் கேனு. நர்சிங் காலேஜுல சேக்கக் கூட்டிட்டுப் போனப்ப என் புதுச் சேலையெல்லாம் டீசல் வாடை. ஹாஸ்டல்ல ஒருத்தி கேக்கறா, உங்கப்பா லாரி ஓட்டறாரான்னு."

"அதுல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பழகிடுச்சு. இப்ப வேற ஒண்ணு பழகிக்கறேன். நான் வேலைக்குப் போறேன். செவப்புல போறேன்."

"ரெண்டு வருஷத்துல ஊருக்குப் போறதுன்னா..."

"போறப்ப போவோம். ரெண்டு வருஷம் ரெண்டு வருஷம்னு சொல்லியே நம்ம பொண்ணு காலேஜே முடிச்சிட்டா." சட்டைக் கையைத் திருப்பிப் போட்டாள். "ஏங்க, அந்தச் செவப்பு உங்களுக்குப் புடிச்சிருக்குதான? பின்ன ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்க?"

தியாகம் செய்ய விடாமல் தடுக்கப்பட்டவனின் மூஞ்சி அது. அவளுக்குச் சொன்னால் புரியாது.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் சொன்னாள். மத்தியானம் இருவரும் கிரெய்க்கிடம் போனோம். அரசியும் பேனட்டைத் தொட்டாள், கிரெய்க்கும் தொப்பியைக் கழற்றினார். மச்சானுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, காருக்குப் பக்கத்தில் நீட்டினேன். அங்கே அவர் நாற்றங்கால் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு அருகே ஆயில் இன்ஜின் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது. தடதடதட. அரசி சாவியைத் திருப்பினாள். பட்டுத்துணி கிழிவதுபோலச் சிவப்புக் கார் உயிர்பெற்றது.

"கேட்டீங்களா மாப்ள!" என்று மச்சான் கத்தினார். "தடதடன்னு! என்னா அடி அடிக்குது பாருங்க! இது சத்தம். டீசலுன்னா டீசலுதான்!"

நான் வாயைத் திறந்தேன். அரசி விரலை உதட்டில் வைத்தாள்.

"ஆமாண்ணே. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"பின்ன? போர்டுல விலைய எழுதிப்புட்டா பயந்துருவோமா?"

அன்று முதல் எங்கள் கார் பாபநாசத்தில் டீசலில் ஓடுகிறது, இங்கே பெட்ரோலில் ஓடுகிறது. இரண்டு இடத்திலும் நல்ல பெயர்.

போன ஞாயிற்றுக்கிழமை, புது வேலைக்குப் பாதை பழக அரசி ஓட்டினாள், நான் பக்கத்தில். மச்சான் கார் ஸ்பீக்கரில் இருந்தார். மேட்டூர் திறந்தாயிற்று, கல்லணையும் திறந்தாயிற்று என்று செய்தி வாசித்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆயில் இன்ஜின் விடாமல் அடித்தது. வெயில் இருந்தது, இங்கே அது செய்திதான். கணவாய் வந்ததும் அரசி ஓட்டம் எடுத்தாள். அவளும் அந்தப் பஸ்களில் வளர்ந்தவள்தானே. உச்சியில் ஹாரன், நீளமாக. அடித்த கையோடு இருவர் தலையும் ஒன்றாக மேற்கே திரும்பின.

கீழே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை. கல்சுவர்கள். நிமிர்ந்து எங்களைப் பார்க்கும் செம்மறி ஆடுகள்.

"இன்னும் தண்ணி வரல" என்றாள் அரசி.

"ரெண்டு நாள்ல வந்துரும்மா" என்றார் மச்சான்.

அவள் கியரை மாற்றினாள். பின்னால் இரண்டு வெடி வெடித்து, கார் அந்தப் பக்கம் இறங்கத் தொடங்கியது.