காலமானவர்களுக்குப் போன குறுஞ்செய்தி

சுங்கை வேயில் நான் பதினாறு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது எனக்கு நாற்பத்தொரு வயது. ஆறு மாதம் புரோகிராமிங் படித்துவிட்டு, பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்றார்கள். டயாலிசிஸ் நிலையங்களுக்கு மென்பொருள் செய்து கொடுப்பது அவர்கள் தொழில். சிகிச்சை நாளன்று காலை எட்டு மணிக்கு நோயாளியின் வீட்டுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பகுதியை என்னிடம் கொடுத்தார்கள். நான் தனியாக எழுதிய முதல் வேலை அது.

ஒரு திங்கட்கிழமை அது ஓடத் தொடங்கியது. பத்து மணி ஆவதற்குள் கிள்ளானில் இருந்த நிலையத்திலிருந்து தாதி கூப்பிட்டார். கவுன்டரில் ஒருவர் நிற்கிறார், நீங்களே தமிழில் பேசுங்கள் என்று போனை அவரிடம் கொடுத்துவிட்டார்.

"என் வைஃப்புக்கு இன்னிக்கு மத்தியானம் டயாலிசிஸ்னு மெசேஜ் வந்திருக்கும்மா," என்றார். "அவ தவறி நாலு மாசம் ஆச்சு."

சாரி அங்கிள் என்றேன். பட்டியலைப் பார்த்தேன். காலமானவர்கள் ஆறு பேருடைய வீடுகளுக்கும் செய்தி போயிருந்தது.

நிலையத்தார் 'காலமானார்' என்பதற்கான ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் பதிந்திருந்தார்கள். நான் சிறிய எழுத்தோடு ஒப்பிட்டிருந்தேன்; கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். இதுதான் கோளாறு என்று முடிவு கட்டித் திருத்தினேன். இரண்டு நோயாளிகளை வைத்துச் சோதித்தேன், சரியாக வந்தது. இரண்டு பேரும் உயிரோடு இருப்பவர்கள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

புதன்கிழமை காலை அதே ஆறு வீடுகளுக்கும் மறுபடி போனது.

இந்தத் தடவை அந்த அங்கிளே அலுவலகத்துக்குப் போன் செய்தார். குரலில் கோபம் இல்லை. "வெள்ளிக்கிழமையும் வருமா? சொல்லிடுங்க. அன்னிக்கு நான் ஃபோன ஆஃப் பண்ணி வெச்சிடறேன்," என்றார். வராது என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. பார்க்கிறோம் அங்கிள் என்றேன். அதைவிட மோசமான பதில் இருக்க முடியாது.

எல்லாச் செய்தியையும் நிறுத்திவிடலாமா என்று மேலாளரிடம் கேட்டேன். உயிரோடு இருப்பவர்கள் செய்தி வரவில்லை என்று சிகிச்சைக்கு வராமல் போனால் யார் பொறுப்பு என்று திருப்பிக் கேட்டார். இன்றைக்குள் சரிசெய், முடியாவிட்டால் வேறு ஆளிடம் கொடுக்கிறேன் என்றார். கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இந்த வயதில் இன்னொரு வேலை யார் தருவார்கள் என்ற பயம் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை எட்டு மணியை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது.

திரும்பி வந்து, நான் எழுதியதைத் தாளில் தமிழில் எழுதிப் பார்த்தேன். நோயாளி காலமானவர் அல்ல, அல்லது வேறு நிலையத்துக்கு இடம் மாறியவர் அல்ல என்றால் செய்தி அனுப்பு. வாசிக்கும்போது சரியாகவே இருந்தது. காலமானவருக்கோ இடம் மாறியவருக்கோ அனுப்பாதே என்றுதானே பேசுகிறோம்? பிறகு அந்த அங்கிளின் மனைவி பெயரை அதில் போட்டு ஒவ்வொரு சொல்லாகப் போனேன். காலமானவர் அல்ல: பொய். இடம் மாறியவர் அல்ல: மெய், அவர் எங்கும் மாறவில்லை. 'அல்லது' என்று இருந்தால் ஒன்று மெய்யானாலே போதும், அனுப்பிவிடும். யாரைப் போட்டாலும் அனுப்பிவிடும். ஒரே ஆள் காலமானவராகவும் இடம் மாறியவராகவும் பதிவில் இருக்க முடியாதே. காலமானவராகவும் இருக்கக் கூடாது, இடம் மாறியவராகவும் இருக்கக் கூடாது. எனக்கு வேண்டியிருந்தது அந்த 'உம்'. நிரலில் 'அல்லது' என்பதற்கான இரண்டு செங்குத்துக் கோடுகளை அழித்துவிட்டு 'மற்றும்' குறியைப் போட்டேன். அரை நிமிட வேலை. இந்த முறை காலமானவர்கள் ஆறு பேரையும் வைத்துத்தான் சோதித்தேன்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்குத் திரையைப் பார்த்தபடி நின்றேன். ஆறு வீடுகளுக்கும் எதுவும் போகவில்லை. அங்கிளைக் கூப்பிட்டுச் சொன்னேன், நேரில் வந்து மன்னிப்புக் கேட்கலாமா என்றும் கேட்டேன். கிள்ளான் ஸ்டேஷனுக்கு எதிரில் இருந்த ஒரு சாப்பாட்டுக் கடைக்கு வரச் சொன்னார். அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ரயில் ஏறினேன்.

மெலிந்த மனிதர், ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கும் நுரை பொங்க ஆற்றிய டீ, ஒரு தே தாரிக் சொன்னார். நான் ஒப்பித்து வைத்திருந்த மன்னிப்பை முழுதாகச் சொல்ல விடவில்லை.

"திங்கக்கிழம மெசேஜ் பாத்ததும் சட்டையும் சிலுவாரும் மாட்டிட்டேன்மா," என்றார். "அவளோட போர்வைய மடிச்சிப் பையில வெச்சேன், அங்க குளிரும்ல. கார் ஸ்டார்ட் பண்ணிட்டு, வா, லேட்டாவுதுன்னு கூப்புட்டேன். கூப்புட்ட பொறவுதான் ஞாபகம் வந்திச்சி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மூணு வருசமா கூட்டிட்டுப் போன பழக்கம்லா," என்றார், எனக்காகச் சொல்வதுபோல. மற்ற ஐந்து வீடுகளுக்கும் யாராவது பேசினார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். "பேசுங்க. மெசேஜ் வேணாம். மெசேஜ்னா இப்ப பயந்துடுவாங்க."

மேலாளர் அதற்கு முதலில் சம்மதிக்கவில்லை, பிறகு விட்டுக்கொடுத்தார். என்னை நிரந்தரமாக்குவதையும் இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போட்டார். மறு செவ்வாய்க்கிழமை, வெளியே வாகனச் சத்தம் கேட்காத கூட்ட அறையில் கதவைச் சாத்திக்கொண்டு, முதல் எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள். நிலையத்தின் பெயரைச் சொன்னதும், "அப்பா இல்ல, அக்கா," என்றாள். தெரியும் என்றேன். அந்த மெசேஜ் வந்தது என்னுடைய தவறு, அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன் என்றேன். அவள் போனை வைக்கவில்லை.