அவருடைய கிருமியும் என்னுடையதும்

நாங்கள் முதலில் பார்த்துக்கொண்டது சிங்கப்பூரில் ஒரு கிளினிக் பெஞ்சில்தான். இருவருக்கும் எச்ஐவி. எனக்கு முதல் கணவர் வழியாக வந்தது. அவர் இறந்துவிட்டார். இவருக்கு எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை. பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஆங் மோ கியோவில் இவர் வீட்டுக்குப் போனேன்.

இருவருக்கும் ஒரே நோய். இனி யார் யாருக்குக் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்தோம். ஆணுறை வாங்கவில்லை. நர்ஸ் வாங்கச் சொன்னபோது தலையாட்டி மட்டும் வைத்தோம்.

நான் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மாவு அரைக்கிறேன். மாத்திரையை விட்டதில்லை. இவர் லாரி ஓட்டுகிறவர். வேலை மும்முரத்தில் மறந்துவிடுவார்.

போன வருடம் என் ரத்தத்தில் கிருமி ஏறியது. உடம்பு இளைத்தது. மாத்திரையை விட்டேனா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். நம்பினார். கிருமியின் மரபணுவைப் பார்க்க ரத்தம் எடுத்தார்கள். இவரிடமும் எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று இருவரையும் உட்காரவைத்தார். டாக்டர் சின்ன வயது, தமிழ்ப் பெண்.

"அம்மா, இந்தக் கிருமியில நிறைய வகை இருக்கு. உங்ககிட்ட ஒன்னுதான் இருந்துச்சு. இப்ப சாரோடதும் வந்திருச்சு. மாத்திரைய விட்டு விட்டுப் போட்டா கிருமி அதுக்குப் பழகிடும். சாரோடது அப்படித்தான், உங்க மாத்திரைக்குக் கேக்க மாட்டேங்குது."

இரண்டும் உள்ளே கலந்து புதிதாக இன்னொன்றும் ஆகியிருக்கிறதாம். பழைய மாவில் புது மாவைக் கொட்டினால் எது எதென்று பிரிக்க முடியாது, அது போலவா என்று கேட்டேன். டாக்டர் சிரித்து, அதேதான் என்றார். இவர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குக் கேக்குற மருந்து இருக்கா?" என்றேன்.

"இருக்கு லா அம்மா. மாத்தித் தரேன். ஆனா ரத்தம் பாத்துத்தான் உறுதியா சொல்ல முடியும்."

ரயிலில் வீட்டுக்குத் திரும்பினோம்.

"கல்யாணத்துக்குப் பொட்டுத் தங்கம் போடல. இதைப் போட்டுட்டீங்க" என்றேன். சிரிப்பார் என்று பார்த்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த வாரமே ஆணுறை வாங்கப் போனார். தமிழர்கள் கூடும் தேக்காவில் தெரிந்தவர்கள் அதிகம் என்று சைனாடவுன் வரை போயிருக்கிறார். அங்கே கோயிலுக்கு வந்த என் கடை முதலாளியம்மா மருந்துக்கடை வரிசையில் இவர் பின்னால் நின்றாராம். மறைக்க இருமல் மருந்தும் சேர்த்து வாங்கியிருக்கிறார். வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை. பாட்டில் இன்னும் அப்படியே இருக்கிறது.

இவருக்கும் மாத்திரையை மாற்றினார்கள். தினமும் லாரிக்குக் கிளம்புமுன் என் எதிரே விழுங்குவார். நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டுவார்.

சில மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்த்தார்கள். மருந்து கேட்டுவிட்டது, அளக்க முடியாத அளவுக்குக் கிருமி குறைந்துவிட்டது என்றார் டாக்டர். ஒழிந்துபோகவில்லை, ஆனால் அடங்கிக் கிடக்கிறது. இருவருக்கும் அப்படித்தான்.

இவர் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். டாக்டர் சொன்னார்.

வெளியே வந்து அதே பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். பிறகு நான் எழுந்தேன். கடையில் அரிசி ஊறிக்கொண்டிருந்தது.